கம்ப்யூட்டருக்குக் காவல் வைத்தோம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அது எங்களைவிட உனக்கு நன்றாகத் தெரியும் என்றாலும் முறைக்கு எழுதிவிட்டேன், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இரு.

போன மாதம் ரிப்பேர்க்காரர் வந்து, வைரஸ் தடுப்பு இல்லாத கம்ப்யூட்டர் கதவில்லாத வீடு மாதிரி என்று பயமுறுத்தி, ஒரு பாதுகாப்பு மென்பொருளை முப்பது நாள் இலவசமாகப் போட்டுவிட்டுப் போனார், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாமாம். அப்பா அன்றைக்கே வாங்கிவிடலாம் என்றார். இருபத்தெட்டு வருஷம் பல்பு ஆலையில் தரம் பார்த்தவள் நான், எரியவிட்டுப் பார்க்காமல் ஒரு பல்பையும் வெளியே விட்டதில்லை, இதை மட்டும் விடுவேனா. ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வசதியாகச் சோதித்தேன். குப்பை மெயிலைப் பிரிக்கிற வசதி, உன் அத்தை தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்களை யாரும் சொல்லாமலே குப்பையில் தள்ளியது, பத்துக்குப் பத்து போட்டேன், அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது, தங்கை பாசம். அப்புறம் குழந்தைகளுக்கான பூட்டு என்று ஒன்று. வீட்டில் குழந்தை ஏது, அப்பாவின் வயதை எட்டு என்று போட்டேன். அரை மணியில் சீட்டாட்டம் தானாக மூடிக்கொண்டு, இன்றைக்கு இவ்வளவு போதும், பெரியவர்களைக் கேள் என்றது. இரண்டு நாள் என்னிடம் நயமாகப் பேசிக்கொண்டே வெங்காயமெல்லாம் உரித்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் முழுவதையும் சலித்துப் பார்க்கச் சொன்னேன். சிவப்பாக ஒரு அறிவிப்பு, வெளியிலிருந்து யாரோ இந்தத் திரையைப் பார்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் இருக்கிறதாம், போட்ட தேதி நீ விடுமுறை முடிந்து கிளம்பியதற்கு முந்தின நாள். அன்றைக்குத்தானே கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாய். பெற்றவர்களையே வேவு பார்க்கிறானா என்று அப்பா போனை எடுத்தார், நான் பிடுங்கி வைத்தேன், கையும் களவுமாகப் பிடிப்போம் என்றேன். முன்பு ஒருநாள் அவர் கம்ப்யூட்டரில் தலைசுற்றலுக்குக் காரணம் தேடிய அரை மணியில் நீ கூப்பிட்டு அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தபோது, ரத்த பாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள்தான் நான். இந்த முறை, எழுபது வயதில் பாராசூட்டில் குதிக்கப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தட்டிவிட்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நிமிஷம். போன் வந்தது. எதையெதையோ பேசிவிட்டு, "ஏம்மா, அப்பாவுக்கு உயரம்னா ஒத்துக்காதில்ல?" என்றாய். ஏன்டா திடீரென்று என்றேன், சும்மா என்றாய். பக்கத்தில் அப்பா வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

சிரித்து ஓய்ந்தபிறகு மனிதர் அந்தத் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். என்னவென்று கேட்டால், "நான் எழுதி அழிச்சதையும் பாத்திருப்பானோ?" என்றார். இங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு வந்துவிடேன் என்று உனக்கு மூன்று முறை கடிதம் அடித்திருக்கிறார், பாரமாக நினைப்பாயோ என்று மூன்று முறையும் அழித்திருக்கிறார். நாற்பது வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் எனக்கே தெரியாது. நீ பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தாயா, பார்க்கவே இல்லையா என்பது உன் மனசாட்சிக்கு வெளிச்சம். பார்க்காவிட்டால் இப்போது நான் சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அதனால்தான் கையெழுத்தில்.

அனுமதிக்கவா தடுக்கவா என்று திரை கேட்டுக்கொண்டே நின்றது. கவலையில்தான் வைத்தாய் என்று தெரியும், கோபமில்லை, இருந்தாலும் தடுத்துவிட்டேன். இனி எங்களைப் பார்க்கத் தோன்றினால் டிக்கெட் எடுத்து வந்து பார். மென்பொருளை வாங்கியாயிற்று, வீட்டுப் பிள்ளையென்றும் பாராமல் பிடித்துக் கொடுத்த நேர்மைக்காக.

நினைத்ததெல்லாம் கைகூடி நீ நிறைவாக வாழ எங்கள் இருவர் ஆசியும் உண்டு. மறந்துவிடாமல் உன் மெயிலின் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்று. உன் பழைய சைக்கிளின் பெயரையே இன்னும் வைத்திருக்கிறாய், இரண்டாம் தடவையிலேயே திறந்துவிட்டது. நான் ஒன்றையும் படிக்காமல் மூடிவிட்டேன், உனக்கும் எனக்கும் அந்த ஒரு வித்தியாசமாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா