வெறும் கம்பி

மார்ச் 3, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் தும்மினேன். அவ்வளவுதான், ஒரே ஒரு தும்மல். இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரைக்கும் சுரீரென்று ஒரு இழுப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் ஒரு அம்மா, "தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு, கேக்க நாதி இல்லையா?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் மேசையைப் பிடித்தபடி மூச்சே விடவில்லை. "லைன்ல இருக்கியா இல்லையா?" என்றார். இருக்கேன்மா. எங்க போறது?

தண்ணீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நாளெல்லாம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இந்த வலியோடு நிற்கலாம், படுக்கலாம், நடக்கக்கூடச் செய்யலாம். உட்கார்ந்தால்தான் உயிர் போகிறது. என் ராசி அப்படி.

பளு தூக்கும் பயிற்சிக் கூடத்தில் எண்பத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து இழுத்தபோது முதுகில் 'டக்' என்றது. இரண்டு வாரம் ஆகிறது. "பிடிப்புதான், சரியாயிடும்" என்றார் மாஸ்டர். ஆகவில்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று.

இன்று தூக்கியது: ஒன்றுமில்லை.

மார்ச் 5, வியாழன்

"ஜவ்வு விலகிருச்சா டாக்டர்?" என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

"விலகல. பிதுங்கி நரம்பை அழுத்துது." படத்தில் பேனாவால் காட்டினார். மற்ற டிஸ்க்குகள் எல்லாம் ஒழுங்காக இருக்க, கீழே ஒன்று மட்டும் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. பத்து வருடம் சோறு போட்டு வளர்த்த முதுகு.

ஆறு வாரம் பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார். காலில் பலம் குறைந்துகொண்டே போனால் ஆபரேஷன். அதற்கப்புறம் பளு தூக்க முடியுமா என்றால், "அதை அப்புறம் பேசலாம்" என்கிறார். அப்புறம் பேசலாம் என்று டாக்டர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"ஜூன் ஏழு தேர்வுப் போட்டி டாக்டர்."

"எந்த வருஷம் ஜூன்?"

சிரித்துக்கொண்டே கேட்கிறார் மனுஷன்! மாநில அணிக்கு ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். எனக்கு முப்பத்து மூன்று முடியப் போகிறது. அடுத்த தேர்வுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அப்போது என்னை யார் சீந்துவார்கள்?

மார்ச் 6, வெள்ளி

அம்மா போனில்: "நான் அப்பவே சொன்னேன்." எப்போது சொன்னாள் என்பதை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.

மார்ச் 11, புதன்

பிசியோதெரபி அம்மாவைப் பார்த்தேன். என்னைவிட ஒரு சாண் குள்ளம், ஆனால் விரலால் அழுத்தினால் நட்சத்திரம் தெரிகிறது. கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, "மேல தூக்குங்க, நான் அழுத்துறேன்" என்றார்.

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதுவா?"

எண்பத்தெட்டு கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தியவள் நான். பெருவிரலைத் தூக்கச் சொன்னால் அது என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கிறது.

குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்த வேண்டும். தினமும், பல தடவை. இதுதான் பயிற்சியாம். கைக்குழந்தை செய்கிற வேலை. தரையில் கிடந்து பார்த்தால் சோபாவுக்கு அடியில் எவ்வளவு குப்பை! வீட்டைப் பெருக்குவது என் வீட்டுக்காரர் முறை. சொன்னேன். "உன் முதுகு சரியாகுற வரைக்கும் நீ மேல் பார்வை பாரு, கீழ் பார்வை வேணாம்" என்றார்.

வாய்தான். ஆனால் காலையில் எனக்கு சாக்ஸ் மாட்டிவிட்டு, ஷூ லேஸ் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். கீழே விழுந்ததை எடுக்க நீளமாக ஒரு இடுக்கி வாங்கி வைத்திருக்கிறார். அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது. யாருக்கு வேண்டும் இடுக்கி?

நான் கிளம்பும்போது பிசியோ அம்மா சொன்னது: "வெயிட் எதுவும் தூக்கக் கூடாது. பக்கெட் தண்ணிகூட."

மார்ச் 20, வெள்ளி

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூடத்துக்குப் போனேன். வாத்து எண்பது கிலோ போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் நடையைப் பார்த்து நான் வைத்த பெயர்தான் வாத்து. இப்போது மாஸ்டரே அப்படித்தான் கூப்பிடுகிறார். இருபத்து இரண்டு வயது. என் எடைப் பிரிவு. முதுகு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"அக்கா, எப்ப வர்றீங்க? நீங்க இல்லாம ஒரே போர்."

நல்ல பெண். அதுதான் கடுப்பு. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம்.

ஓரத்தில் ஒரு கம்பி சும்மா கிடந்தது. வட்டு எதுவும் மாட்டாத வெறும் கம்பி. கை தானாக அதனிடம் போய்விட்டது. எடுத்தேன், தோளில் வைத்தேன், தலைக்கு மேல் தள்ளினேன். ஆஹா. கையில் அந்தச் சொரசொரப்பு பட்டதும் உடம்பெல்லாம் பழைய ஆளாகிவிட்டது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "கம்பி மட்டும்தானே? சரி சரி" என்றார்.

இன்று தூக்கியது: ஒன்றுமில்லை. வெறும் கம்பி.

மார்ச் 27, வெள்ளி

தினமும் சாயங்காலம் கம்பி. கை மறந்துவிடக் கூடாது அல்லவா. ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

அலுவலக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "மேடம், மேடம்" என்று ஓடி வந்தார். கையில் என் செருப்பு. இடது கால் செருப்பு. இன்று அவசரத்தில் ஷூ போடாமல் வந்திருந்தேன். அது கழன்று விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு ஐந்தாறு படி ஏறியிருக்கிறேன்.

சிரித்துச் சமாளித்தேன். கழிவறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏய், உனக்கு என்னதான் ஆச்சு?

ஏப்ரல் 3, வெள்ளி

பெருவிரல் போன மாதத்தைவிட மோசம். பிசியோ அம்மா இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பயிற்சியெல்லாம் ஒழுங்கா செய்றீங்களா?"

"ஒண்ணு விடாம செய்றேன்."

"வெயிட் ஏதாவது தூக்குனீங்களா?"

"சத்தியமா இல்லங்க."

"அப்ப இப்படி ஆகக் கூடாதே... இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம். இல்லன்னா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடுவோம்."

வெளியே வந்து பெஞ்சில் படுத்துவிட்டேன். உட்கார முடியாதே. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். சொன்னதையெல்லாம் செய்கிறேன், பக்கெட்டைத் தொடுவதில்லை, வீட்டில் பால் பாக்கெட்கூட இவர்தான் எடுத்து வைக்கிறார். இன்னும் என்ன செய்யச் சொல்கிறது இந்த உடம்பு? என்னதான் வேணும் அதுக்கு?

ஏப்ரல் 9, வியாழன்

மேசைமேல் அட்டைப்பெட்டி அடுக்கி, அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். மேனேஜர் வந்து, "நீங்க நிக்கிறதப் பாத்தா எல்லாரும் ஆபீஸ் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்குறாங்க" என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அடுத்த போனில் ஒருவர், "எத்தனை தடவை சொல்றது, எங்க வீட்டுக் குழாய் ஒழுகிட்டே இருக்கு" என்றார். "சார், எனக்கும்தான் சரியாகல" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, அவர் சிரித்தார்.

ஏப்ரல் 18, சனி

வாத்து வீட்டுக்கு வந்தாள், பழம் வாங்கிக்கொண்டு. இவர் டீ போட்டுக் கொடுத்தார். மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். போகும்போது வாசலில் நின்று, "அக்கா, நேத்து கம்பில பாத்தேன், உங்க டெக்னிக் அப்படியே இருக்கு" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு இவர் திரும்பினார்.

"என்ன கம்பி?"

"வெறும் கம்பிங்க. வெயிட் இல்ல."

"அது எத்தனை கிலோ?"

"பதினஞ்சு. ஆனா அதெல்லாம் யாரும் வெயிட்னு சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"எண்பத்தஞ்சு தூக்கினேன்னு சொல்வியே, அதுல கம்பி சேத்தியா சேக்காமயா?"

சேர்த்துத்தான். எப்போதும் சேர்த்துத்தான்.

இவர் எடை மேடையில் வேலை பார்க்கிறவர். காலையிலிருந்து மாலைவரை லாரிகளை நிறுத்துப் பார்ப்பதுதான் தொழில். "எங்க மேடையில முதல்ல காலி லாரியைத்தான் ஏத்துவோம்" என்றார். "காலியாத்தானே இருக்கு, எதுக்குப் பாக்கணும்னு இதுவரைக்கும் ஒரு டிரைவரும் கேட்டதில்ல."

அவர் கத்தியிருந்தால் சண்டையாவது ஆகியிருக்கும். கத்தவில்லை. நான்தான் கத்தினேன். "உங்க லாரியும் நானும் ஒண்ணா? எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான், அதையும் பிடுங்கணுமா?" என்றெல்லாம். அவர் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

பக்கெட்டில் பாதித் தண்ணீரைத் தொடப் பயந்தேன். அதைவிடக் கனமான ஒன்றை நாள் தவறாமல் தலைக்கு மேல் தூக்கினேன். அப்புறம் பிசியோ அம்மாவிடம் சத்தியம் வேறு. பொய் சொல்கிறோம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நான் முட்டாளா, இல்லை எங்கள் கூடமே இப்படித்தானா?

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் நடக்கக் கிளம்பினேன், இவர் வந்து ஷூ லேஸ் கட்டிவிட்டார். இரண்டு முடிச்சு.

ஏப்ரல் 20, திங்கள்

பிசியோ அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பு என்னுது. உங்கக்கிட்ட கேள்வியை மாத்திக் கேட்டிருக்கணும்." அப்புறம் விரலை மடக்கிக் கேட்க ஆரம்பித்தார். "பக்கெட்? பை? கேஸ் சிலிண்டர்? பக்கத்து வீட்டுக் குழந்தை? கம்பி? வளைஞ்ச கம்பி? துருப்பிடிச்ச கம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் முதுகு வலித்தது, வலித்ததும் அழுதுவிட்டேன். டாக்டரிடம் பேசி ஒரு மாதம் அவகாசம் வாங்கித் தந்திருக்கிறார். அவ்வளவுதான் கிடைக்கும் என்றார்.

மே 6, புதன்

பெருவிரல் மோசமாகவில்லை. நல்லதாகவும் ஆகவில்லை. குப்புறப் படு, எழு, நட. குப்புறப் படு, எழு, நட. சலித்துப்போய்விட்டது. எனக்கு மட்டும் ஏன்? மாஸ்டருக்கு அறுபது வயது, இன்னும் வட்டுகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போகிறார்.

அவரே போன் செய்தார். "ஜூன் போட்டிக்கு வாத்து பேரைக் குடுத்துட்டேன்மா."

"சரி மாஸ்டர்."

"வருத்தமா?"

"இல்ல மாஸ்டர்."

போனை வைத்துவிட்டுத் தலையணையைச் சுவரில் எறிந்தேன். எறியும்போது முதுகைத் திருப்பக் கூடாதாம். அதையும் பார்த்துத்தான் எறிந்தேன். கோபத்தைக்கூட ஒழுங்காகப் பட முடியவில்லை.

மே 21, வியாழன்

விரல் எழுந்தது. கொஞ்சம்தான். "இதுவா?" என்று கேட்காமல் பிசியோ அம்மா எழுதிக்கொண்டார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாமாம்.

ஜூன் 7, ஞாயிறு

போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன். பின்னால் சுவரில் சாய்ந்து நின்றேன்.

வாத்து எண்பத்தைந்தை முதல் தடவை தூக்க முடியாமல் விட்டாள். இரண்டாம் தடவையும் விட்டாள். மூன்றாவதும் போனால் ஆட்டத்திலேயே இல்லை. அந்த நேரம் எனக்குள், 'விழட்டும்' என்று ஒரு குரல். என் குரல்தான், வேறு யாருடையது? பாவி. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

அவள் என்னைத் தேடிக்கொண்டு நேராக வந்தாள். "அக்கா, என்ன தப்பு பண்றேன்?"

எனக்குத் தெரியும். முதல் தடவையே தெரியும். கம்பி அவள் காலைவிட்டு முன்னால் போகிறது. அப்படி இழுத்துத்தான் என் முதுகு போனது.

"கம்பி உன் காலை ஒட்டியே வரணும்டி. தள்ளி வந்தா விட்டுடு, முதுகை வெச்சு இழுக்காத. போட்டி போனா போகட்டும்."

ஒட்டியே வந்தது. தலைக்கு மேல் நிறுத்திவிட்டு, தூக்கியது செல்லுமா என்று காட்டும் நடுவர் விளக்குகளைக்கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கை தட்டினேன். அழுதேன். எது எதற்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் இடம் போய்விட்டது. வலிக்கிறது. முதுகில் இல்லை.

ஜூலை 15, புதன்

தும்மினேன். ஒன்றும் ஆகவில்லை! இன்னொன்று வராதா என்று காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

நானே குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "அப்ப என் வேலை போச்சு" என்றார். இடுக்கியை என்ன செய்வது என்று கேட்டேன். சோபாவுக்கு அடியில் இருக்கிற குப்பையை எடுக்க ஆகுமாம்.

செப்டம்பர் 12, சனி

பிசியோ அம்மா இந்த வாரம் அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு தடவை, மெதுவாக, வலித்தால் உடனே கீழே. கூடத்துக்கு இவரும் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

மாஸ்டர் கம்பியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "முதல் நாள். வெயிட் எதுவும் வேணாம்மா, வெறும் கம்பி மட்டும்."

கையில் பொடி தடவிக்கொண்டேன். பாதத்தைச் சரியாக வைத்தேன். இடது பெருவிரல் தரையில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தேன். காலை ஒட்டியே இழுத்தேன். தோளுக்கு வந்தது. தலைக்கு மேல் போனது. கனமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அது கனமாக இருந்து பார்த்ததே இல்லை.

கீழே போடவில்லை. இறக்கி வைத்தேன்.

வாசலிலிருந்து இவர் கேட்டார், "எவ்ளோ?"

இன்று தூக்கியது: பதினைந்து கிலோ.