பென்ஷன் சோறு

இன்று காலை என் குரலே என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள். பொங்கல் பட்டிமன்ற மேடை, இரண்டு பக்கமும் கரும்பு, கையில் மைக்கோடு நான். அடியில் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வரிசையாக. ஊரில் அரசு ஊழியர்கள் மறுபடியும் பழைய பென்ஷன் கேட்டுப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பந்தல் போடும்போதெல்லாம் இந்த வீடியோவும் எங்கிருந்தோ எழுந்து வந்துவிடுகிறது. ஓர் இடத்தில் கேமரா திரும்பி, எதிரணி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உன்னைக் காட்டும். எப்போதும் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவேன். இன்று விரல் தாமதித்துவிட்டது.

அதிலிருந்து உட்காரப் பிடிக்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நான் நடப்பதைப் பார்த்து, "என்னங்க, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றாள் என் மனைவி செல்வி. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். படிக்க நீ இல்லை என்பது தெரியும். இருந்தபோது சொல்லாதவனுக்கு இப்போது எழுத மட்டும் என்ன அவசரம் என்று நீ கேட்பாய். கேள்.

போலகத்தில் நமக்கு ஒரே தெரு. என் வீட்டில் ஏழு வயிறு, சம்பாதிக்க அப்பா ஒருவர். உன் வீட்டில் நீயும் அம்மாவும் மட்டும். உன் அப்பா, நம் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது, அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்ச் சண்டை போட்டவர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று இந்த ஊர்க்காரராகவே இருந்துவிட்டவர். நீ நடை பழகும் முன்பே இறந்துபோய்விட்டார். அவருடைய பென்ஷனில் ஒரு பங்கு அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. வருடா வருடம் தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். "நான் இருக்கேன்னு நானே போயி சாட்சி சொல்லணுமாம்" என்று சிரித்துக்கொண்டே கிளம்புவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உன் தட்டுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு தட்டு இருக்கும். "உக்காரு தம்பி, ஆறிடும்" என்பார்கள். ஒரு நாள்கூட விருந்தாளியைக் கேட்பதுபோல் சாப்பிடுகிறாயா என்று கேட்டதில்லை. நானும் ஒரு நாள்கூட அது யாருடைய சோறு என்று யோசித்ததில்லை.

இருவரும் ஐ.டி.ஐ. முடித்தோம், மின்துறைக்கு எழுதிப் போட்டோம். உனக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நீ கம்பம் ஏறி லைன்மேன் ஆனாய், சங்கத்தில் சேர்ந்து கிளைச் செயலாளர் ஆனாய். நான் உரக்கடை, அரிசி ஆலை என்று சுற்றிவிட்டு, துறைமுகம் வந்த பிறகு கீழவாஞ்சூரில் ஒரு லாரி கம்பெனியின் எடை மேடையில் உட்கார்ந்தேன். நாள் முழுக்கக் கரித்தூசி. உன்மேல் பொறாமைப்பட்டேனா என்று ஒரு தடவை கேட்டாய். இல்லை என்றேன். பொய்.

இதற்கு நடுவில் அரசு வேலையில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு முன்னால் சேர்ந்த உன்னைப் போன்றவர்களுக்குச் சாகும்வரை நிச்சயமான பென்ஷன். பின்னால் சேர்ந்தவர்களுக்கு, சம்பளத்தில் பிடித்துச் சந்தையில் போட்டு, கடைசியில் என்ன மிஞ்சுகிறதோ அது. உனக்குப் பிரச்சினையே இல்லை. ஆனாலும் உனக்குப் பின்னால் வந்தவர்களுக்காக நீதான் போராட்டப் பந்தலில் முன்னால் உட்கார்ந்தாய். எனக்கு அது புரியவில்லை. கரித்தூசியில் இருக்கிற எங்களுக்கு அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்திலும் இடம் இல்லையே என்பதுதான் என் மனதில் ஓடியது.

அப்புறம் அந்தச் சித்திரை மாதத்து மதியம். நீங்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தீர்கள். காற்றடித்து எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. செல்விக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கரண்ட் இல்லாமல் நெபுலைசர் மேசையில் செத்துக் கிடந்தது. உனக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, செல்விக்கு முடியல. நீ வந்து ஒரு பத்து நிமிஷம் பாத்தா போதும்."

உன் பக்கத்தில் யாரோ கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நான் வந்து கம்பத்துல ஏறினா நாளைக்கு இந்தப் பந்தல்ல எவனும் உக்கார மாட்டான்டா. ஆட்டோ அனுப்பறேன். தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

ஆட்டோ வந்தது, மறுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் செல்வி எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். நீ ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் உன்னோடு பேசவில்லை.

மார்கழி நடுவில் நீயாகவே பைக்கில் வந்தாய். பொங்கலுக்குப் பட்டினத்தில் பட்டிமன்றம், தலைப்பு 'அரசு ஊழியர் பென்ஷன் உரிமையா, சுமையா'. உரிமை அணியில் நீ. "சுமைன்னு பேச ஆள் தேடறாங்க. எல்லாரும் பேப்பர் பாத்துப் படிக்கிறவனுங்க. உனக்குத்தான் நெஜமாவே கோவம் இருக்கு. வா, அத மேடையில சொல்லு" என்றாய். இப்படிக் கூப்பிட உன்னால்தான் முடியும்.

இரண்டு வாரம் பட்டினச்சேரிக் கடற்கரையில் நடந்தபடி ஒத்திகை பார்த்தோம். உனக்கு எதிரான வாதங்களை நீயே எடுத்துக் கொடுத்தாய். "அரசாங்கத்துக்கு வர்றதுல பாதி சம்பளம், பென்ஷன்னு போயிட்டா மீன்பிடிக்கிறவனுக்கும் வயல்ல நிக்கிறவனுக்கும் என்ன மிச்சம்னு கேளு. நான் திணறணும்" என்பாய். நான் சரியாகச் சொல்லாவிட்டால் மணலில் நின்று மறுபடி சொல்லச் சொல்வாய். செல்வியின் அந்த மதியத்தையும் சொல்லச் சொன்னது நீதான். "பேர் சொல்லியே சொல்லு. ஊர் கேக்கட்டும்" என்றாய். உனக்குக் கொஞ்சம் மேடை ஆசையும் உண்டு என்பதை மறந்துவிடவில்லை. தோற்றாலும் பெரிய சண்டையில் தோற்க வேண்டும் உனக்கு.

மேடையில் நான் ஒத்திகை பார்த்ததைத்தான் பேச ஆரம்பித்தேன். கூட்டம் சும்மா இருந்தது. செல்வியின் கதைக்குச் சில பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நடுவில் ஒரு சின்னக் கிண்டல் செய்தேன். பின்னாலிருந்து விசில் வந்தது. அந்த விசில் என்னை என்னவோ செய்துவிட்டது. இன்னொன்று வேண்டும் போல இருந்தது.

"எதிரணித் தலைவரு பென்ஷன விட மாட்டாரு, ஏன் தெரியுமா? அவரு நாக்குக்குப் பழகின ருசி அது! அவங்க அம்மாவுக்குப் பிரெஞ்சுக்காரன் பென்ஷன். பால்குடி மறந்ததிலேருந்து பென்ஷன் சோறு! இனிமே கவர்மெண்டு பென்ஷன் சோறு! உழைச்சுச் சாப்பிட்டா அவருக்குச் செரிக்காதுங்க!"

பந்தல் ஆடிப்போகும்படி சிரித்தார்கள். முன்வரிசையில் உன் மனைவி ஸ்டெல்லா எழுந்து வெளியே போவது தெரிந்தது. உன் அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு நல்லது.

உன் முறை வந்தது. நீ எழுந்து மைக்கைப் பிடித்தாய். "எங்க அம்மா பென்ஷன்ல..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாய். மிச்சத்தை நீ சொல்லியிருந்தால் அதே கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். நீ தண்ணீர் வாங்கிக் குடித்தாய். அடுத்த வாதத்துக்குப் போய்விட்டாய். நடுவர் எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொன்னார். எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். "நல்லாப் பேசின. அந்த ஒண்ணு ஒத்திகையில இல்லியே" என்றாய். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. உங்கள் அடுத்த பந்தலைக் கடக்கும்போது லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து, "பென்ஷன் சோறு!" என்று கத்திவிட்டுப் போனார்கள். எடை மேடைக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். முதலாளி உள்ளே கூப்பிட்டு, "நறுக்குன்னு சொன்னீங்க" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுக்குப் போகச் சொன்னதும் அதே முதலாளிதான். நான் வேலை பார்த்த வருடங்களில் பாதிதான் பி.எஃப். கட்டப்பட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யார் சொன்னார்களோ, மறுநாள் காலை வந்துவிட்டாய். சட்டைப்பையில் கண்ணாடி, கையில் காலி ஃபைல். "என்னென்ன பேப்பர் இருக்கு, எல்லாத்தையும் எடு."

மூன்று தடவை பஸ் ஏறி பி.எஃப். ஆபீசுக்குப் போனோம். அங்கே நீ பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபப்பட மாட்டாய், நாற்காலியை விட்டும் எழுந்திருக்க மாட்டாய். "சார், இந்த லெட்டருக்கு ஒரு பதில் மட்டும் எழுதிக் குடுங்க, போயிடறோம்" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்வாய். விடுபட்ட வருடங்கள் சேர்ந்தன. சின்னதாக எனக்கும் ஒரு பென்ஷன் வந்தது. மூன்றாவது தடவை திரும்பும்போது மழை. பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாப்ள, அந்தப் பொங்கல் மேடையில நான்..."

"ஜன்னல மூடுடா, சாரல் அடிக்குது."

மூடினேன். நீ கண்ணையும் மூடிக்கொண்டாய். எனக்கு வலிக்கக் கூடாது என்று தடுத்தாயா, உனக்குக் கேட்கப் பிடிக்கவில்லையா, இன்றுவரை தெரியவில்லை. இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நீ ஓய்வுபெற்றாய். முழுதாக ஒரு மழைக்காலம்கூடப் போகவில்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் உன் சங்கத்து ஆட்கள் என்னைப் பேசச் சொன்னார்கள். வாய் வரவில்லை. மேடையில் அவ்வளவு பேசியவன் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். குடும்பப் பென்ஷன் விண்ணப்பத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். "உங்கள விட்டா யாரக் கேப்பேன், சொல்லுங்க அண்ணே" என்றாள். போனேன். அலுவலக வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்கதானே அந்த பென்ஷன் சோறுன்னு பேசினவரு? செம சார். இங்க எதுக்கு வந்தீங்க?"

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாங்க, நான்தான்" என்றேன். "யாரக் கிண்டல் பண்ணினேனோ அவரு சம்சாரம் இவங்க. அந்த பென்ஷன் சோத்த ஏழெட்டு வருஷம் நானும் தின்னேங்க. அது இல்லன்னா எனக்கு மத்தியானச் சோறு கெடையாது. அத அன்னிக்கு மேடையில நான் சொல்லல."

வரிசை நகர்ந்தது. கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஸ்டெல்லா சொன்னாள்: "இத அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல அண்ணே. மேடையில இல்ல, வீட்டுக்கு வந்து."

ஆமாம். அவ்வளவு பக்கத்தில்தான் உன் வீடு இருந்தது.

இதனாலெல்லாம் நான் உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதே. இப்போது போட்டிருக்கும் பந்தலைக் கடக்கும்போது எனக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர்கள் கேட்கிறார்கள், கேட்கக்கூடத் தெரியாதவர்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று அவர்களைத் திட்டுகிறார்கள். "எனக்கு இருக்கறதப் புடுங்கணும்ங்கற. உனக்கு ஏன் இல்லன்னு எவன்கிட்டயாச்சும் கேட்டியா?" என்று கடற்கரையில் ஒரு தடவை சொன்னாய். அதை நான் என் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு உதவாத வாதம் அது.

போன மாதம் டிரைவர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள், பி.எஃப். மனு எழுத. உன்னோடு அலைந்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் போய் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சர் கடைக் கொட்டகையில் கூடுகிறோம். எல்லாக் கம்பெனியும் பி.எஃப். கட்டும்வரை ஒரு நாளாவது வண்டியை நிறுத்துவோம் என்று பேச்சு வந்திருக்கிறது. என்னை முன்னால் உட்காரச் சொல்கிறார்கள்.

போன வாரம் ஒருவர் எழுந்தார். மண்டபத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். "ஐயா, எம் பொண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கிடுச்சு. அன்னிக்குப் பாத்து வலி வந்து, கையில காசு இல்லன்னா, நான் மட்டும் ஒரு நடைக்கு வண்டிய எடுக்கலாமா?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுக்கலாம் என்றால் அடுத்தவரும் ஒரு காரணத்தோடு எழுந்திருப்பார். கூடாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நாளை ஞாயிறு.

மாப்ள, செல்விக்கு மூச்சு இழுக்குது என்று நான் போன் செய்த அன்று, எனக்கு ஆட்டோ அனுப்பிவிட்டு, அந்தப் பந்தலில் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்?