மலைக்காற்றுக்குக் கழித்தது போக

அலமோசா,
மே 22, 1988

அன்புள்ள நோரீன்,

பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த என் அக்காவை, எங்கள் சின்ன அணியை நடத்தும் பெரிய பேஸ்பால் அணியின் அலுவலகமே ஆட்டக்காரர்களின் கணக்கைப் பார்க்கக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது என்றதும் இங்கே அணியின் பஸ் முழுக்கக் கூத்து. "உங்க அக்கா கையிலதான் நம்ம தலையெழுத்தாமே, கொஞ்சம் சொல்லி வைடா!" என்று ஹெக்டர் நச்சரிக்கிறான். மூன்றாம் பேஸில் நிற்பவன், மூன்று பிள்ளைக்காரன்.

என் கணக்கைப் பார்த்தாயா? ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் முந்நூற்றிரண்டு அடி! முப்பத்தோரு வயதில், இத்தனை வருஷம் சின்ன அணியிலேயே கிடந்து, வேறு எவன் இப்படி அடிக்கிறான்? (சிரிக்காதே, இந்த மலையில் காற்று அவ்வளவு லேசு. உன் தம்பி பெண்டாட்டி ஜோனி அடித்தால்கூடப் பந்து வேலியைத் தாண்டிவிடும்.)

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் ஊர் சலைனாவில் நாம் படித்த பள்ளியில் பேஸ்பால் பயிற்சியாளர் வேலை தருகிறார்களாம். ஜூன் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜோனி போய்விடலாம் என்கிறாள். எனக்கு இன்னும் பெரிய அணி ஆசை விடவில்லை. உனக்கு உள்விவரம் தெரியும். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்
ரஸ்

லூயிவில்,
ஜூன் 3

அன்புள்ள ரஸ்,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே ஆலங்கட்டி மழையில் என் தக்காளிச் செடியெல்லாம் போயிற்று. நாய் சோபாவைக் கடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஜோனிக்கு முதுகுவலி தேவலையா?

அலுவலக விஷயம் எதையும் வெளியே பேசக்கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே. பள்ளி வேலை நல்ல வேலைதான். ஆனாலும் உன் மனசு எதைச் சொல்கிறதோ அதைச் செய்.

அன்புடன்,
நோரீன்

அலமோசா,
ஜூன் 14

அன்புள்ள கள்ளி,

புரிந்துவிட்டது! கெட்ட செய்தியாக இருந்தால் என் அக்கா சொல்லாமல் விடுவாளா? பள்ளிக்கு இன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜோனி என்னோடு பேசுவதில்லை. செப்டம்பரில் மேலே ஆள் எடுக்கும்போது பெரிய அணியின் சட்டையைப் போட்டு அவள் முன்னால் நின்றால் பேசுவாள்.

உன்
ரஸ்

லூயிவில்,
ஜூலை 9

அன்புள்ள ரஸ்,

உன்னை அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று நேற்று தாள் வந்தது. அதற்குக் காரணமான கணக்கு நான் போட்டது.

உன் மே மாதக் கடிதத்தில் காற்றைப் பற்றி விளையாட்டாக எழுதியிருந்தாய். அதைப் படித்துத்தான் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் உள்ளூர் ஆட்டத்தையும் வெளியூர் ஆட்டத்தையும் தனியாகப் பிரித்தேன். உனக்கு அலமோசாவில் முந்நூற்றறுபது. வெளியே இருநூற்று நாற்பத்துநான்கு. அங்கே வருவதற்கு முன் நீ ஆடிய பருவங்களையும் எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு தடவை பேஸைத் தொட்டாய், ஓர் அடி எத்தனை பேஸ் வாங்கித் தந்தது என்று எப்படிக் கூட்டினாலும் நீ சராசரிக்குக் கீழேதான் வந்தாய். எங்கேயாவது தப்பு செய்திருப்பேன் என்று ஆசையோடு தேடினேன். கிடைக்கவில்லை.

ஜூனில் உனக்குப் பதில் எழுதும்போது இது எனக்குத் தெரியும். தெரிந்தே தக்காளியைப் பற்றி எழுதினேன். பள்ளிக்குப் போன் செய்து கெஞ்சினேன், வேறு ஆள் வந்தாயிற்றாம்.

இதையும் நானே சொல்லிவிடுகிறேன். "சொந்தத் தம்பியையே விட்டுவைக்கல பாருங்க, இவங்கதான் நமக்கு வேணும்" என்று மேலதிகாரி ஃபென்விக் எல்லோர் முன்னாலும் சொல்லி என் வேலையை நிரந்தரமாக்கினார். நான் நன்றி சொன்னேன், ரஸ். அந்த வார்த்தை வாயில் வந்ததை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஒரு வரியாவது திட்டி எழுது.

நோரீன்

சலைனா,
ஆகஸ்ட் 6

நோரீன்,

உன் கணக்கில் தப்பில்லை. வெளியூரில் என் மட்டை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நான் உன்னிடம் கேட்டது கணக்கை இல்லை, பள்ளி வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று. ஜோனி அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் தானியக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறேன். உனக்கு எழுத இப்போது மனசு வரவில்லை.

ஹெக்டருக்காகத்தான் இந்தக் கடிதம். அவன் மாமனார் பால் பண்ணையில் பங்கு தருகிறார், வரும் வெள்ளிக்கிழமைக்குள் சரியென்று சொல்ல வேண்டும். "உங்க அக்காவக் கேட்டுச் சொல்லுடா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று தினமும் போன் செய்கிறான். நான் என்ன சொல்ல? அவனுடைய போன் எண் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

ரஸ்

லூயிவில்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள ரஸ்,

இன்று காலை ஹெக்டருக்குப் போன் செய்தேன். அடுத்த மாதம் நீக்குகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரும் போகிறது என்று சொல்லிவிட்டேன். "சரிங்க மேடம், பசங்களோட அம்மாகிட்ட சொல்லணும், வச்சிடறேன்" என்றார். ஃபென்விக்கிடமும் போய், ஹெக்டரிடம் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குள் மேஜையைக் காலி செய்யச் சொல்கிறார்.

அந்தப் போன் பேச ரொம்ப நேரமாகவில்லை, ரஸ். ஜூனில் உனக்கும் பேசியிருக்கலாம்.

நோரீன்