தங்கச்சியின் தட்டு

1973 ஐப்பசி, வெள்ளி இரவு.

தங்கச்சி சரோஜா பாடிய முதல் இசைத்தட்டு இன்று வெளியானது. பெரிய சினிமாப் படத்தின் தட்டும் இன்றைக்கேதான் வர வேண்டுமா? பீங்கான் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் ஜங்ஷன் ரோட்டு ரிக்கார்டு கடைக்குப் போனேன். கூட்டம் முழுக்க சினிமாத் தட்டுக்கு நின்றது. இவளுடைய பக்திப் பாட்டுத் தட்டு ஒன்றே ஒன்று மூலையில் கிடந்தது.

"இதைக் கொஞ்சம் போடுங்களேன்" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவள் குரல் வந்ததும் பெட்டிப் பக்கமாக நகர்ந்து நின்றேன். பாதிப் பாட்டுகூட ஆகவில்லை. என்னோடு சூளையில் வேலை செய்யும் கோவிந்தன், "யாருங்க இது, மூக்காலயே பாடுது? படப் பாட்டைப் போடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாடுவதற்காக அவள் மெட்ராஸ் கிளம்பியபோது வாசலை மறித்துக் கத்தியவன் நான். ஆறு வருஷம் பேச்சில்லை. போன வாரம் அவளாகவே எழுதியிருந்தாள்: "அண்ணா, வெள்ளிக்கிழமை தட்டு வருது. கேட்டுட்டு எழுது."

தட்டை வாங்கிவிட்டேன். கேட்க இசைத்தட்டுப் பெட்டி கோவிந்தன் வீட்டில்தான் உண்டு. சாயங்காலம் அங்கே போனேன்.

"கோவிந்தா, இது என் தங்கச்சி பாடினது."

அவன் முகம் சுருங்கிப்போனது. தட்டை வாங்கிப் போட்டான். இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டோம். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா நீங்களும் சிரிச்சீங்களே?"

தட்டை உறையில் போட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

சரோஜாவுக்குக் கடிதம் தொடங்கியிருக்கிறேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதியாயிற்று. அது உண்மைதான். அடுத்த வரிதான் ஓடவில்லை.