பின்வரிசை நாலு அறைகள்

மாப்ள,

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். "அப்பா இத உங்ககிட்டதேன் குடுக்கச் சொன்னாரு மாமா" என்று பழுப்பு அட்டை போட்ட டைரி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சிமெண்ட் வாடை போகவில்லை. ஆனால் திறக்கவில்லை. உன் டைரியை நான் என்றைக்கு நம்பியிருக்கிறேன்? இதை ஏன் எனக்குக் கொடுக்கச் சொன்னாய் என்று நாலு நாள் யோசித்தேன். செத்த பிறகும் என்னைச் சந்தேகப்பட வைக்கிற ஆள் நீ ஒருவன்தான்.

நாகமலை புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் அந்த மாணவர் விடுதியைக் கட்டிக்கொண்டிருந்தோம். எழுபதுகளின் கடைசி. வயரிங் வேலை முழுவதும் என் பொறுப்பு. ஒரு கட்டடத்தை என்னை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தின இடத்தில் ஒரு சின்னத் தவறுக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் கைக்குழந்தை. இந்த வேலையும் போனால் மாமனார் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நீ சூப்பர்வைசராக வந்து சேர்ந்தாய்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனாலும் எல்லாரையும் அண்ணே என்பாய், என்னையும் சேர்த்து. இவ்வளவு மரியாதை எதற்கு என்று முதல் நாளே எனக்கு உறுத்தியது.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் டீ கிளாசோடு நிற்கவைப்பாய். எவ்வளவு வேலை முடிந்தது என்று கேட்க மாட்டாய். "அண்ணே, இன்னைக்கு நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" இதுதான் கேள்வி. கம்பி கட்டுகிறவர் தச்சரைப் பார்ப்பார், தச்சர் கொத்தனாரைப் பார்ப்பார். யார் பெயரைச் சொன்னாலும் அவரைப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். "நமக்கு ஒரு பிரச்சினையும் கெடையாதுண்ணே" என்று கொத்தனார் ஆரம்பித்ததும் எல்லாரும் அதையே சொல்லுவோம். நீ தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பாய். ஒரு பிரச்சினையும் இல்லை என்பதை எழுத அரைப் பக்கமா ஆகும்?

சனிக்கிழமை வரும் காண்ட்ராக்டர் முதலில் உன் டைரியைத்தான் வாங்கிப் புரட்டுவார். ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு தச்சர் வேலைக்கு வரவில்லை. அவர் திருப்பூரில் வேறு வேலை கிடைத்துப் போனார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். உன் டைரியால்தான் அவர் வேலை போனது என்று நினைத்து, அன்றைக்கு டீக்கடையில் கொத்தனாரிடம் சொன்னேன்: "இவன் சூப்பர்வைசர் இல்லண்ணே. வேவு பாக்க வந்த ஆளு. இவன்கிட்ட எதையும் சொல்லிராதீங்க." திரும்பினால் பின்னால் நீ. கிளாசை வைத்துவிட்டுப் போனாய். கேட்டாயா இல்லையா என்று தெரியாமல் நான் தவித்தேன்.

மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடும் நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் அந்தக் காண்ட்ராக்டருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பூசை முடிந்து கலவை மிஷின் ஓடத் தொடங்கினால், 'இல்லை', 'பத்தாது' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, அபசகுனமாம். தண்ணீர் குறைந்தால்கூட "வந்துக்கிட்டு இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு என்னிடம் நாலு ஃபேன் பெட்டி குறைந்தது. காங்கிரீட் போடும்போதே அதைப் புதைத்துவிட்டால்தான் கொக்கி மாட்டி ஃபேனைத் தொங்கவிடலாம்; விட்டுப்போனால் பிறகு கூரையைத் துளைக்க வேண்டும். பதினாறு அறைக்குப் பன்னிரண்டுதான் வந்திருந்தது. பழங்காநத்தத்துப் பட்டறைக்கு ஆளை அனுப்பியிருந்தேன். முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்கு வர மதியம் ஆகும், அதற்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

காலையில் நீ என்னிடம் இரண்டு தடவை கேட்டாய். வழக்கமாக எல்லாரையும் ஒரு தடவைதான் கேட்பாய்.

"அண்ணே, யாருக்காகவாவது காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"எல்லாம் ரெடியா இருக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தேன். எழுதிக்கங்க."

பத்து மணி சுமாருக்கு நீ பின்வரிசைப் பக்கம் போய் நின்றதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாய். நான் அனுப்பிய ஆள் சாக்கில் நாலு பெட்டியோடு வந்தபோது பின்வரிசையிலும் காங்கிரீட் கொட்டி முடித்து, கொத்தனார் மட்டப்பலகையால் அதைச் சமன் செய்துகொண்டிருந்தார். யார் கண்ணிலும் படாமல் சாக்கைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூரைக்கு அடியில் முட்டுக்கொடுத்த பலகையைப் பிரிக்கிறவரை மூன்று வாரம் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிரித்தார்கள். பின்வரிசை நாலு அறைகளில் மேலே வெறும் சிமெண்ட். காண்ட்ராக்டர் கூப்பிட்டு நிறுத்தினார். "யாரு பாத்தது இத?" நீ முன்னால் போனாய். "நாந்தேன் பாத்தேன். எம்மேலதேன் தப்பு." மறுநாளே உன்னை இறக்கி, சமயநல்லூரில் ஒரு குடோனுக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிற இடத்துக்கு அனுப்பினார். நான் மேலே துளை போட்டுக் கொக்கி மாட்டிக் கொடுத்து அங்கேயே வேலையில் நிலைத்தேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை. இவன் எதற்காகப் பழியை ஏற்கிறான், பிறகு என்ன கேட்கப் போகிறான் என்றுதான் யோசித்தேன்.

நீ எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து என் பிள்ளைக்குக் காது குத்துக்கு வந்து நின்றாய். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பழங்காநத்தத்தில் ஒன்றாக டீ குடித்தோம். அண்ணே மாப்ள ஆயிற்று. ஊர்க்கதை அவ்வளவும் பேசினோம். அந்த நாலு அறைகளைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது என் சின்ன மகள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். தினமும் காலையில் திரையில் பத்து முகம். எது முடிந்தது, எது தடையாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம். "சொல்றாங்களாம்மா?" என்று கேட்டேன். "எங்கப்பா சொல்றாங்க, எல்லாரும் ஓகேம்பாங்க. வெள்ளிக்கெழமை பாத்தா ஒண்ணும் ஓகேயா இருக்காது. வாயத் தொறந்தா நம்ம தலையிலதேன் விடியும்னு பயம்" என்றாள். அன்றைக்குத்தான் உன் டைரியைத் திறந்தேன்.

யாரைப் பற்றியும் ஒரு குறை எழுதவில்லையே நீ. யார் வேலை யாருக்காக நிற்கிறது என்று மட்டும் பக்கம் பக்கமாக. நாங்கள் வாயைத் திறக்காததால் நீயே சுற்றிப் பார்த்து எழுதியிருக்கிறாய். காங்கிரீட் போட்ட நாளின் பக்கத்தில் இது இருந்தது: 'பின்வரிசை நாலு ரூம். ஃபேன் பெட்டி இல்லை. பார்த்தேன். நான் சொன்னால் வேவு என்பார். அவரே சொல்லட்டும்.'

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்தே விட்டிருக்கிறாய். பழியை ஏற்றது பெருந்தன்மை என்று கடைசிக் காலத்தில் நம்பத் தொடங்கியிருந்தேன், அதிலும் மண். பிறகு அந்த வரியைத் திரும்பப் படித்தேன். உன் வாயைக் கட்டியது டீக்கடையில் நான் சொன்ன சொல். நீ அதைக் கேட்டிருக்கிறாய். இதைச் சொல்லத்தான் டைரியைக் கொடுத்தனுப்பினாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், கேட்க நீ இல்லை.

பரணிலிருந்து அந்தச் சாக்கை இறக்கினேன். நாலு பெட்டியும் துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தன. மகள் வந்து, "இது என்னப்பா?" என்றாள்.

"அன்னைக்கு எங்கிட்ட நாலு பெட்டி இல்லம்மா" என்றேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது. அவளிடம் சொல்லிவிட்டேன் மாப்ள.