காக்காவின் படகும் அலுவலக ப்ரொக்ஸியும்

ஜூலை 9, செவ்வாய்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து. காலையிலேயே வெக்கை. மேசையெல்லாம் மணல்.

ஜவாத் காக்காவிடமிருந்து இன்றும் செய்தி இல்லை. எனக்கு மூத்தவர், கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். மீன்பிடிக்கப் போனவரை வெள்ளிக்கிழமை நடுக்கடலில் எஞ்சின் நின்ற நிலையில் இன்னொரு படகுக்காரர் கண்டிருக்கிறார். இழுத்து வர அவரிடம் டீசல் போதவில்லை. தன் படகில் ஏறச் சொன்னாராம். படகை விட்டு வரமாட்டேன், கரைக்குப் போய் ஆள் அனுப்பு என்றாராம் காக்கா. கூட இரண்டு பேர். காக்காவுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்கு மருந்து வேண்டும்.

சாய்ந்தமருதிலிருந்து போன படகுகள் கடைசியாகக் கண்ட இடத்தையே சுற்றிவிட்டு வந்தன. கடற்படைக்கும் சொல்லியாயிற்று. இந்தக் காற்றுக்குப் படகு அங்கேயா நிற்கும்?

கம்பஸில் கடைசி வருடம் பாவித்த நிரல் ஒன்று ஞாபகம் வந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் கொடுத்தால், எஞ்சின் இல்லாத படகு எங்கே தள்ளுப்படும் என்று கணக்கிடும். வீட்டில் கணினி இல்லை. அலுவலகத்தில் சும்மா கிடக்கும் லினக்ஸ் கணினி உண்டு. மனேஜர் ஹில்மி சேரிடம் கேட்டேன். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கேள்வி வந்தால் தன் பெயரைச் சொல்லச் சொன்னார். நல்ல மனிதர்.

ஜூலை 10, புதன்

பிரவுசரில் எல்லாப் பக்கமும் திறக்கிறது. நிரலை இறக்கக் கட்டளை எழுதும் டேர்மினலில் ஒன்றும் இல்லை. இங்கே இணையம் முழுக்கத் தலைமை அலுவலகத்தின் ப்ரொக்ஸி என்ற இடைக் கணினி வழியாகத்தான். பிரவுசருக்கு அது தெரியும், டேர்மினலுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். முகவரி, பெயர், கடவுச்சொல், ஒரே வரியில். எழுதினேன். 407. நீ யார் என்று கேட்கிறது. திரும்ப எழுதினேன். 407.

காக்காவின் மனைவி, மதினி கோல். ஏதும் தெரிந்ததா என்று. இல்லை என்றேன். மறுபடி கோல்.

பகல் சாப்பாடு இல்லை. லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் புரிந்தது, கடவுச்சொல்லில் ஒரு @. அதைக் கண்டதும் கடவுச்சொல் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் %40 என்று போட்டேன். உள்ளே விட்டது. நிர்வாகி உரிமைக்கு sudo போட்டால் சொன்னதெல்லாம் மறந்துபோகிறது. அதற்கும் தனியாகச் சொன்னேன்.

பிறகு அடுத்த சுவர். சான்றிதழை நம்ப முடியாதாம். ப்ரொக்ஸி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துத் தன் சான்றிதழை வைத்து அனுப்புகிறது. பிரவுசர் அதை நம்பும், டேர்மினல் நம்பாது. சான்றிதழ்க் கோப்பு வேண்டும். கொழும்பில் நெட்வேர்க் பார்க்கும் நுவனிடம் ஹில்மி சேர் கதைத்தார். எழுத்தில் அனுமதி வேண்டுமாம். கொடுக்க வேண்டியவர் லீவில்.

வீடு. நான் உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

காலையில் நுவனிடமிருந்து வாட்ஸ்அப். இரவு தூக்கமில்லையாம். அனுமதிக்கு நிற்க வேண்டாம், அந்தச் சான்றிதழ் உங்கள் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, அதிலிருந்து எடுங்கள் என்று எழுதியிருந்தார். எடுத்தேன். லினக்ஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தேன். நிரல் இறங்கியது. காற்றுத் தரவு இறங்கியது.

நேற்றும் அந்தச் சான்றிதழ் பிரவுசருக்குள்தான் இருந்திருக்கிறது.

ஓட்டினேன். வரைபடத்தில், படகு இருக்கக்கூடிய இடமாக, ஒரு நிறத் திட்டு. வடகிழக்கே, தேடியவர்கள் போகாத தூரம். படகுச் சங்கத் தலைவர் முஸ்தபா ஹாஜியாரிடம் ஃபோனில் காட்டினேன்.

"கடல இதுக்குள்ள பாக்க ஏலுமா புள்ள?"

எந்தக் காற்றைக் கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓம். கச்சான் அங்காலதான் தள்ளும். போட்ட அனுப்புறன்."

அஸர் தொழுகைக்குப் பிறகு படகு போயிற்று.

ஜூலை 12, வெள்ளி

ஒன்றும் இல்லை. ஜும்ஆத் தொழுகையில் அவர்களுக்காகத் துஆ. உம்மா தொழுகை முசல்லாவை விட்டு எழும்பவில்லை. ஓட்டோச் சத்தம் கேட்டால் மதினி வாசலுக்கு ஓடுகிறா.

ஜூலை 13, சனி

படகு கிடைத்தது. திட்டுக்குள்தான், நடுவுக்கும் கிட்ட.

இரண்டு பேர் உயிரோடு. காக்கா இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பஸீல், உதடு வெடித்து. காக்காவோடு போன இருவரில் இளையவன்.

"தண்ணிய எங்களுக்குத்தான் தந்தாரு ராத்தா. தனக்குத் தாகமில்ல எண்டாரு. பொறகு பேச்சில்ல. மௌத்தான பொறகு ரெண்டு நாளு வெச்சிருந்தம். அதுக்கு மேல ஏலல்ல. இன்னைக்கு விடிய, தேடி வந்த போட்டு சேருறதுக்குக் கொஞ்சம் முந்தி, தொழுது கடல்ல எறக்கினம்."

மற்றவர் ரிப்கான் பக்கத்துக் கட்டிலிலிருந்து திருத்தினார்: மௌத்தான அன்றைக்கே இறக்கியாயிற்று. பஸீலுக்கு நாட்கள் குழம்பிக் கிடக்கின்றன.

என் கணக்கால் இரண்டு உயிர் பிழைத்தது என்று ஆட்கள் வந்து சொல்கிறார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

மதினி வெள்ளை உடுத்து உள் அறையில். இத்தாவின் நாலு மாதம் பத்து நாளை எண்ண வேண்டும், மௌத்தான நாள் எது என்று மௌலவி கேட்டு அனுப்பினார். பஸீல் இப்போது புதன் என்கிறான். ரிப்கான் வியாழன் என்கிறார். சந்தேகம் என்றால் பிந்திய நாள் என்றார் மௌலவி. வியாழன்.

மதினி என்னைக் கூப்பிட்டா. அழவில்லை.

"அவர எறக்கின எடத்தயும் ஒன்ட கம்ப்யூட்டர் சொல்லுமா?"

நாள் தெரிந்தால் சொல்லும் என்றேன்.

ஜூலை 15, திங்கள்

அலுவலகம். ஒருவரும் என்னிடம் வேலை தரவில்லை. இரண்டு நாளுக்கும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு இடம் வந்தது. வியாழன் என்றால், புதன் முழுக்க, நான் அந்த 407-ஐப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

மதினியிடம் வியாழன் இடத்தை மட்டும் காட்டினேன். ஃபோனில் விரலை வைத்துக்கொண்டு, "இதிலயா?" என்றா.

ஓம் என்றேன்.