ஓரம் தளர்ந்த பாய்

சூலூர்,
3.8.1998

அன்புள்ள ஷாநவாஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தம்பி யூனுஸைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறாய். நீ வேலை பார்க்கும் படகுப் பாய் கம்பெனியில் அவனுக்கு இடம் இருக்கிறதாம். அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். அவன் உன்னிடம் மறைத்திருக்கும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் சூலூர் குளத்தில் விழுந்து அவனுக்குத் தோளில் காறை எலும்பு உடைந்துவிட்டது. பயப்படாதே. கட்டுப் போட்டிருக்கிறது. சாப்பிடுகிறான், தூங்குகிறான், என்னோடு சண்டையும் போடுகிறான்.

நடந்தது இதுதான். நீ போவதற்கு முன் வரைந்து வைத்த, பலகைமேல் நின்று காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பாயை ஒருவழியாக நம் பட்டறையில் தைத்து முடித்தோம். பந்தயக்காரர்களுக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரிக்கு வருகிறவனைப் பயமுறுத்தாத பாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே, அதே பாய். வளைத்து வெட்டிய துண்டுகளை நீ சொன்னபடியே ஒட்டித் தைத்தோம். காற்றை வாங்கும் வயிறு அழகாக வந்திருந்தது. மைத்துனன் பிரச்சினைக்காக நான் வால்பாறை போயிருந்த சமயத்தில் அதைக் கம்பத்தில் ஏற்றிக் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். உச்சியில் பின் ஓரம் மட்டும் தளர்ந்து தொங்கியிருக்கிறது.

அது அப்படித்தான் தொங்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ராமாமணிக்குத் தெரியாது. நீ போன பிறகு சேர்ந்தவள். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். ஓரம் அலை அடித்தால் அவள் கண்ணுக்கு அது கழிவு. தையலைப் பிரித்து, உச்சியில் ஒரு மடிப்புப் பிடித்து, பலகைபோல் விறைப்பாக்கிவிட்டாள். நான் திரும்பி வந்ததும் பெருமையோடுதான் சொன்னாள்: “ஏனுங்க, இப்பப் பாருங்க, ஒரு சுருக்கம் இல்ல. அப்படியே உட்டிருந்தா வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிப்போடுவானுங்க.”

அவள் சொல்லும்போதே யூனுஸ் குளத்தில் இருந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக் காற்று ஒரு வீச்சு வீசியது. ஓரம் தளர்வாக இருந்திருந்தால் உச்சி திரும்பி அந்தக் காற்றை வெளியே விட்டிருக்கும். விடவில்லை. அவனைத் தூக்கிக் கம்பத்தின் மேலேயே எறிந்துவிட்டது. கரைக்கு இழுத்து வந்தபோது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டான்: “அண்ணா, பாய் உச்சியில யாரு கை வச்சது?”

வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போனாய். ஓரம் ஏன் தளர வேண்டும் என்று பட்டறையில் யாருக்காவது சொல்லிவிட்டுப் போனாயா? உன்மேல் எனக்கு இருக்கும் பல கோபங்களில் இது ஒன்று.

ராமாமணியை வேலையை விட்டு நிறுத்தத்தான் நினைத்தேன். அவளோ டவுனில் உன் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அழுதாள். கூட்டிப்போனேன். தெருமுனையில் போலீஸ் அவள் பையைக் கொட்டிப் பார்த்தது. நாலு சாத்துக்குடி. குண்டு வெடித்த இந்த வருஷத்தில் அந்த வாசலில் போய் எப்படி நிற்பது என்ற பயம் அவளுக்கு. எனக்கும் இருந்தது. அவள் படியேறாமல் நின்றாள். உன் அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: “உள்ள வா அம்மணி. வெயில்ல எதுக்கு நிக்கறே?” அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் என்னைத்தான் திட்டினார்கள், பொறுப்பில்லாமல் மலைக்குப் போனேனாம்.

அந்தத் தெருவில் நடந்து திரும்பும்போது உன்னைப் பற்றித்தான் யோசித்தேன். போன வருஷக் கலவரத்தின்போது அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வெள்ளகோவில் வரை போனாய். வழியில்தான் சூலூர். என் வீடு உனக்குத் தெரியாத வீடா? கல்லூரி நாளில் சோற்றுக்கு நேரம் பார்க்காமல் வந்த வீடு. கதவைத் தட்டியிருந்தால் நான் திறந்திருக்க மாட்டேன் என்று நினைத்தாயா? அமைதியான பிறகாவது வந்திருக்கலாம். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு அப்படியே அந்தப் பாய் கம்பெனிக்காரன் பின்னால் போய்விட்டாய். நீ ஊரைவிட்டுப் போனதை டீக்கடை ரசாக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். யூனுஸ் போய்விட்டால் தண்ணீரில் இறங்கிப் பாயைச் சோதிக்க இங்கே ஆள் இல்லை. பட்டறையை மூட வேண்டியதுதான். இருந்தாலும் அவனைத் தடுக்க மாட்டேன். இந்த ஊரில் உன் அம்மா தினமும் அவன் பஸ்ஸை எதிர்பார்த்து எவ்வளவு பயத்தோடு உட்கார்ந்திருப்பார் என்று அன்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். போகிறாயா என்று அவனைக் கேட்டால், கட்டுப் பிரித்த பிறகு சொல்கிறேன் என்கிறான். பாயின் மடிப்பைப் பிரித்தாயிற்றா என்றுதான் திரும்பத் திரும்ப விசாரிக்கிறான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் அனுப்பாதே, ஆள் அனுப்பாதே. அவனை அழைத்துப்போக நீயே வா. எந்த நேரத்தில் வந்தாலும் சரி, முதலில் சூலூரில் இறங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அங்கப்பன்